கார்டுக்குள் இருக்கும் மெட்டு: கிட்டார் பழகத் தொடங்கியவர்களுக்கு

நான்கைந்து கார்டுகள் (சில சுவரங்கள் சேர்ந்து ஒலிக்கும் பிடிகள்) கைக்கு வந்துவிட்டால் போதும், யாராவது பாடும்போது பின்னால் கம்பிகளை ஒருசேர மீட்டி ஸ்ட்ரம் செய்துவிடலாம். பாடுபவர் நிறுத்தியதும்தான் சிக்கல் தெரியும். கை ஓடிக்கொண்டே இருக்கும், பாட்டைக் காணோம். இன்னொரு பக்கம், மெட்டை ஒவ்வொரு நோட்டாக எடுக்கத் தெரிந்தவருக்கு அதற்கு அடியில் எந்தக் கார்டு வரும் என்பது பிடிபடாது. யாரோ எழுதி வைத்ததைப் பார்த்து அப்படியே பிடிப்பார். கார்டையும் மெட்டையும் தனித்தனிப் பாடமாகப் படிப்பதால் வரும் குறை இது. இரண்டும் ஒரே ஏழு சுவரங்களிலிருந்து வருபவை. ஒரு கார்டைப் பிடிக்கும்போது எந்தக் கம்பியில் எந்தச் சுவரம் ஒலிக்கிறது என்று தெரிந்துகொண்டால், மெட்டின் பாதி அந்தக் கார்டுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பது புலப்படும்.

ஒரு சொல் விளக்கம் முதலில். இந்தக் கட்டுரையில் மெட்டு என்றால் பாட்டின் மெட்டு, அதாவது மெலடி. வீணையில் மெட்டு என்று சொல்வதை இங்கே ஃப்ரெட் என்றே குறிப்பிடுகிறோம்.

கம்பிகளும் முதல் மூன்று ஃப்ரெட்களும்

மிக மெல்லிய கம்பி 1ஆம் கம்பி, மிகத் தடித்தது 6ஆம் கம்பி. தடித்ததிலிருந்து மெல்லியது வரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று சுருதி சேர்க்க வேண்டும். கிட்டாரை மடியில் வைத்தால் 1ஆம் கம்பி தரைப்பக்கம் இருக்கும். ஆனால் ஒலியில் அதுதான் உச்சம். "மேல்" என்ற சொல் வரும்போதெல்லாம் தொடக்கத்தில் இந்தக் குழப்பம் நேரும். இனி இந்தக் கட்டுரையில் மேல் என்றால் ஒலியில் மேல் என்றே கொள்ளுங்கள்.

ஒரு ஃப்ரெட் தள்ளினால் ஒரு செமிடோன் ஏறும். 12 ஃப்ரெட் தள்ளினால் ஒரு ஸ்தாயி முழுதாகிவிடும். கர்நாடக இசையில் 12 சுவரஸ்தானங்கள் என்று எண்ணுவதும் இதே 12 படிகளைத்தான். ஆகவே சுவரப் பெயர்களையே பயன்படுத்துவோம். சி நோட்டை ச என்று வைத்துக்கொண்டால் டி ரி, ஈ க, எஃப் ம, ஜி ப, ஏ த, பி நி. இது சி மேஜர் ஸ்கேல். சுவர வரிசையில் சங்கராபரணத்தின் ஆரோகணமும் இதுவே. ச-ரி இரண்டு ஃப்ரெட், ரி-க இரண்டு, க-ம ஒன்று, ம-ப இரண்டு, ப-த இரண்டு, த-நி இரண்டு, நி-ச ஒன்று. க-ம, நி-ச ஆகிய இரண்டு இடங்களில் மட்டும் இடைவெளி ஒற்றை ஃப்ரெட் என்பதை மனத்தில் பதித்துவிடுங்கள். பின்னால் கார்டும் மெட்டும் உரசும் இடங்கள் பெரும்பாலும் இவைதான்.

முதல் மூன்று ஃப்ரெட்டுக்குள் இந்தச் சுவரங்கள் இருக்கும் இடங்கள் (0 என்றால் திறந்த கம்பி):

6ஆம் கம்பி: 0 க, 1 ம, 3 ப
5ஆம் கம்பி: 0 த, 2 நி, 3 ச
4ஆம் கம்பி: 0 ரி, 2 க, 3 ம
3ஆம் கம்பி: 0 ப, 2 த
2ஆம் கம்பி: 0 நி, 1 ச, 3 ரி
1ஆம் கம்பி: 0 க, 1 ம, 3 ப

5ஆம் கம்பி 3ஆம் ஃப்ரெட்டில் இருக்கும் ச-வில் தொடங்கி 1ஆம் கம்பி 3ஆம் ஃப்ரெட்டில் இருக்கும் ப வரை ஏறி இறங்குங்கள். 1ஆம் ஃப்ரெட்டுக்கு ஆள்காட்டி விரல், 2ஆம் ஃப்ரெட்டுக்கு நடுவிரல், 3ஆம் ஃப்ரெட்டுக்கு மோதிரவிரல் என்று விரலை மாற்றாமல் வாசியுங்கள். வாசிக்கும்போதே சுவரத்தை வாய்விட்டுச் சொல்வது மிக முக்கியம். விரலுக்கு இடம் தெரிந்தால் போதாது, பெயரும் தெரிய வேண்டும். ஒரு வாரம் தினமும் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்கினால் பிறகு வரும் அத்தனையும் எளிதாகும்.

கார்டு எப்படி உருவாகிறது

ஏழு சுவரங்களை வரிசையாக வையுங்கள். ஒன்றை எடுங்கள், அடுத்ததை விடுங்கள், அதற்கடுத்ததை எடுங்கள். ச-வில் தொடங்கினால் ச, க, ப. இது சி மேஜர். ரி-யில் தொடங்கினால் ரி, ம, த. இது டி மைனர். தொடங்கும் சுவரத்துக்கு ரூட் என்று பெயர், கார்டின் பெயரும் அதிலிருந்தே வருகிறது.

ஒன்று ஏன் மேஜர், மற்றது ஏன் மைனர்? ஃப்ரெட்டை எண்ணிப் பாருங்கள். ச-விலிருந்து க 4 ஃப்ரெட், க-விலிருந்து ப 3 ஃப்ரெட். ரி-யிலிருந்து ம 3 ஃப்ரெட், ம-விலிருந்து த 4 ஃப்ரெட். முதலில் 4 வந்தால் மேஜர், முதலில் 3 வந்தால் மைனர். இரண்டிலும் மொத்தம் 7 ஃப்ரெட்தான், நடுச் சுவரம் மட்டுமே ஒரு ஃப்ரெட் இடம் மாறுகிறது. கார்டின் குணம் முழுக்க அந்த நடுச் சுவரத்தில்தான் இருக்கிறது. ஈ மேஜரில் ஆள்காட்டி விரலை மட்டும் 3ஆம் கம்பியிலிருந்து எடுத்தால் ஈ மைனர் ஆகிவிடுவது இதனால்தான்.

சி மேஜர் ஸ்கேலில் இப்படி ஏழு கார்டுகள் கிடைக்கும்: சி (ச க ப), டி மைனர் (ரி ம த), ஈ மைனர் (க ப நி), எஃப் (ம த ச), ஜி (ப நி ரி), ஏ மைனர் (த ச க), பி டிமினிஷ்டு (நி ரி ம). கடைசிக் கார்டில் இரண்டு இடைவெளியும் 3 ஃப்ரெட்தான். அதன் ஒலி நிலைகொள்ளாது. தொடக்கத்தில் அதை ஒதுக்கிவிட்டு மற்ற ஆறோடு நின்றுகொள்ளலாம்.

மூன்று சுவரம்தான் என்றால் ஐந்தாறு கம்பிகளை ஏன் மீட்டுகிறோம்? ஒரே சுவரம் வெவ்வேறு ஸ்தாயியில் திரும்ப வருகிறது, அவ்வளவே. சி கார்டைப் பிடித்து ஒவ்வொரு கம்பியாக மீட்டுங்கள்: 5ஆம் கம்பியில் ச, 4இல் க, 3இல் ப, 2இல் மறுபடி ச, 1இல் மறுபடி க. ஏ மைனரைப் பிடியுங்கள்: த, க, த, ச, க. சி-யிலிருந்து ஏ மைனருக்குப் போகும்போது ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அசையவே வேண்டாம். மோதிரவிரல் மட்டும் 5ஆம் கம்பியிலிருந்து 3ஆம் கம்பிக்கு வருகிறது. சுவரக் கணக்கிலும் ப போய் த வந்திருக்கிறது, ச-வும் க-வும் அப்படியே இருக்கின்றன. கை செய்வதும் இசையில் நடப்பதும் ஒன்றாக இருக்கும் அழகான இடம் இது. ஒரு கார்டுக்குப் பதில் இன்னொன்றை வைத்தாலும் பாட்டு கெடாமல் இருப்பதற்கும் இந்தப் பொதுச் சுவரங்களே காரணம்.

காது எதை மெட்டாக எடுத்துக்கொள்கிறது

ஒரே நேரத்தில் ஐந்து சுவரம் ஒலித்தால், பெரும்பாலும் உச்சத்தில் இருப்பதையே காது மெட்டாக எடுத்துக்கொள்ளும். கிட்டாரில் மெட்டையும் கார்டையும் ஒன்றாக வாசிப்பதன் சூட்சுமம் முழுவதும் இதில் அடங்கிவிடுகிறது. மெட்டின் சுவரம் கார்டின் உச்சியில் இருக்க வேண்டும், அதற்கு மேலே இருக்கும் கம்பிகள் ஒலிக்கக் கூடாது.

இதைச் செய்து பாருங்கள். சி கார்டைப் பிடித்து 5ஆம் கம்பியிலிருந்து 1ஆம் கம்பி வரை மீட்டினால் உச்சியில் க கேட்கும். அதே பிடியில் 2ஆம் கம்பியோடு நிறுத்தினால் உச்சியில் ச. சுண்டுவிரலை 1ஆம் கம்பி 3ஆம் ஃப்ரெட்டில் வைத்து முழுதாக மீட்டினால் உச்சியில் ப. மூன்றும் சி கார்டுதான், ஆனால் மெட்டு ச, க, ப என்று நகர்ந்துவிட்டது.

ஆறு கார்டுகளுக்கும் இப்படி உச்சியை மாற்றலாம். கீழே எண்கள் 6ஆம் கம்பியிலிருந்து 1ஆம் கம்பி வரை ஃப்ரெட்டைக் குறிக்கின்றன. கோடு போட்ட கம்பியை மீட்டக் கூடாது.

சி: உச்சியில் ச (– 3 2 0 1 –), க (– 3 2 0 1 0), ப (– 3 2 0 1 3)
ஏ மைனர்: த (– 0 2 2 – –), ச (– 0 2 2 1 –), க (– 0 2 2 1 0)
டி மைனர்: த (– – 0 2 – –), ரி (– – 0 2 3 –), ம (– – 0 2 3 1)
ஜி: நி (3 2 0 0 0 –), ரி (3 2 0 0 3 –), ப (3 2 0 0 0 3)
எஃப்: த (– – 3 2 – –), ச (– – 3 2 1 –), ம (– – 3 2 1 1)
ஈ மைனர்: நி (0 2 2 0 0 –), க (0 2 2 0 0 0), ப (0 2 2 0 0 3)

எஃப் கார்டைப் பாருங்கள். ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்து அழுத்த முடியாமல் தவிப்பவர்கள் நிறையப் பேர். மெட்டு ச-வில் நிற்கும் இடத்தில் மூன்று கம்பிகளே போதும், விரலைப் படுக்கவைக்க வேண்டியதே இல்லை. அந்த மூன்று கம்பிகளில் ம, த, ச மூன்றும் வந்துவிடுகின்றன. முழுப் பிடி வசப்படும்வரை இந்தச் சிறிய எஃப்-ஐத் தயங்காமல் பயன்படுத்துங்கள்.

பழகுவதற்கு ஒரு மெட்டு

தெரிந்த பாட்டை எடுத்தால் கை தடுமாறும் இடத்தைக் காது நினைவிலிருந்து நிரப்பிக்கொள்ளும். தப்பு தெரியாமல் போய்விடும். அதனால் இதற்கென்றே அமைத்த எட்டு பார் மெட்டு ஒன்று இதோ. பார் என்பது தாளத்தின் ஒரு சுற்று, ஒரு பாருக்கு நான்கு பீட் (தாளத் தட்டு). சுவரத்துக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் எண் இருந்தால் அத்தனை பீட் நீட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பீட். புள்ளி போட்ட த., நி. இரண்டும் ச-வுக்குக் கீழே உள்ளவை.

1: க ப க ரி (கார்டு சி)
2: ச ரி க(2) (கார்டு ஏ மைனர்)
3: ம க ரி ச (கார்டு டி மைனர்)
4: ரி(4) (கார்டு ஜி)
5: க ப க ரி (கார்டு சி)
6: ச ரி ச த. (கார்டு எஃப்)
7: நி. ச ரி(2) (கார்டு ஜி)
8: ச(4) (கார்டு சி)

இடங்கள்: க 1ஆம் கம்பி திறந்தது, ம அதே கம்பி 1ஆம் ஃப்ரெட், ப 3ஆம் ஃப்ரெட். ச 2ஆம் கம்பி 1ஆம் ஃப்ரெட், ரி அதே கம்பி 3ஆம் ஃப்ரெட், நி. 2ஆம் கம்பி திறந்தது. த. 3ஆம் கம்பி 2ஆம் ஃப்ரெட்.

கார்டைத் தொடாமல், மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 பீட்டில் வைத்து, மெட்டை மட்டும் வாசியுங்கள். பிறகு பாடிக்கொண்டே வாசியுங்கள். பாட வராத மெட்டுக்குக் கார்டு தேடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது போலத்தான்.

இந்தக் கார்டுகள் ஏன்?

ஒவ்வொரு சுவரத்துக்கும் ஒரு கார்டு தேட வேண்டியதில்லை. தொடக்கத்தில் பலர் அப்படித்தான் செய்கிறார்கள், பாட்டு படியில் தடுக்கித் தடுக்கி இறங்குவது போல ஆகிவிடும். ஒரு பாரில் அழுத்தம் விழும் பீட்கள் 1, 3. அங்கே வரும் சுவரங்களும் நீண்டு ஒலிக்கும் சுவரங்களும்தான் கார்டைத் தீர்மானிக்கின்றன. மற்றவை வழிப்போக்கர்கள்.

முதல் பாரில் 1ஆம் பீட் க, 3ஆம் பீட் க, நடுவில் ப. க, ப இரண்டும் இருக்கும் கார்டு சி, அல்லது ஈ மைனர். பாட்டு தொடங்கும் இடம், ச-வை நிலைநாட்ட வேண்டும், அதனால் சி. கடைசி ரி கார்டில் இல்லை. அது க-விலிருந்து ச-வுக்கு இறங்கும் படி மட்டுமே, காது அதைப் பொருட்படுத்தாது.

இரண்டாம் பாரில் அழுத்தம் ச-விலும் க-விலும். சி-யும் பொருந்தும், ஏ மைனரும் பொருந்தும். முதல் பாரில் சி ஒலித்துவிட்டதால் ஏ மைனர் வைத்தால் நகர்வு தெரிகிறது. இரண்டையும் வாசித்து, மெட்டு மாறாமலே அதன் மனநிலை மாறுவதைக் கேளுங்கள். கார்டு தேர்வில் சரி, தப்பு என்பதோடு விருப்பம் என்றும் ஒன்று உண்டு என்பது இந்த இடத்தில் விளங்கும்.

மூன்றாம் பாரில் ம-வும் ரி-யும் அழுத்தம் பெறுகின்றன. இரண்டும் சேர்ந்து இருப்பது டி மைனரில். எஃப் வைத்தாலும் ஓரளவு ஓடும், ம அதில் இருக்கிறது, ரி இல்லை. சி வைத்தால் என்ன ஆகும் என்று கட்டாயம் செய்து பாருங்கள். சி கார்டில் க இருக்கிறது, மெட்டில் ம இருக்கிறது. ஒற்றை ஃப்ரெட் வித்தியாசமுள்ள இரண்டும் சேர்ந்து நீண்டு ஒலிக்கும்போது பல்லில் மணல் கடிபட்டது போல இருக்கும். ம அரை பீட்டில் க-வுக்கு இறங்கிவிட்டால் இதே உரசல் இனிமையாகிவிடும். நீட்டினால்தான் கெடுதல்.

கார்டில் இல்லாத எல்லாச் சுவரமும் இப்படி உரசுவதில்லை. சி கார்டின் மேல் ரி நீண்டால் ஒலி கொஞ்சம் விரிந்தது போல இருக்கும், த நீண்டால் இதமாக இருக்கும். நி நீண்டால் ஒரு மென்மையான ஏக்கம் வரும். – 3 2 0 0 0 பிடித்துக் கேளுங்கள், சி மேஜர் செவன்த் என்ற பெயரில் அது தனிக் கார்டாகவே வழங்குகிறது. ம-வை நீட்டியே ஆக வேண்டும் என்றாலும் வழி இருக்கிறது. கார்டிலிருந்து க-வை எடுத்துவிட்டு அந்த இடத்திலும் ம-வையே வையுங்கள்: – 3 3 0 1 1. இது சி சஸ் ஃபோர். உரச க இல்லை என்பதால் ம நிம்மதியாக நிற்கும். பிறகு சி-க்கு இறங்கினால் மூச்சு விட்டது போல இருக்கும்.

வேறு மெட்டுக்குக் கார்டு தேடும்போது இதைப் பார்த்துக்கொள்ளலாம். ச வந்தால் சி, எஃப், ஏ மைனர். ரி வந்தால் ஜி, டி மைனர். க வந்தால் சி, ஏ மைனர், ஈ மைனர். ம வந்தால் எஃப், டி மைனர். ப வந்தால் சி, ஜி, ஈ மைனர். த வந்தால் எஃப், ஏ மைனர், டி மைனர். நி வந்தால் ஜி, ஈ மைனர். கடைசிப் பாரிலிருந்து பின்னோக்கித் தேடுவது எளிது. மெட்டு ச-வில் முடிந்தால் கடைசிக் கார்டு பெரும்பாலும் சி, அதற்கு முந்தைய பாரில் நி-யோ ரி-யோ அழுத்தம் பெற்றால் ஜி. இரண்டு முனைகளும் அமைந்துவிட்டால் நடுவில் தேட வேண்டியது கொஞ்சம்தான்.

இரண்டையும் சேர்த்து வாசிப்பது

முழுக் கார்டோடு தொடங்காதீர்கள். முதலில் மெட்டும் அடிச்சுவரமும் மட்டும். வலது கைக் கட்டைவிரல் 4, 5, 6ஆம் கம்பிகளுக்கு, ஆள்காட்டி விரல் 3ஆம் கம்பிக்கு, நடுவிரல் 2ஆம் கம்பிக்கு, மோதிரவிரல் 1ஆம் கம்பிக்கு. ஒவ்வொரு பாரின் 1ஆம் பீட்டிலும் கட்டைவிரலும் மெட்டு விரலும் கிள்ளுவது போலச் சேர்ந்து மீட்ட வேண்டும். மற்ற பீட்களில் மெட்டு மட்டும். அடிச்சுவரம்: சி-க்கு 5ஆம் கம்பி 3ஆம் ஃப்ரெட், ஏ மைனருக்கு 5ஆம் கம்பி திறந்தது, டி மைனருக்கு 4ஆம் கம்பி திறந்தது, ஜி-க்கு 6ஆம் கம்பி 3ஆம் ஃப்ரெட், எஃப்-க்கு 4ஆம் கம்பி 3ஆம் ஃப்ரெட். இந்த இரண்டு குரல் மட்டுமே பாட்டின் எலும்புக்கூட்டைக் கொடுத்துவிடும்.

இனி இடது கை முழுக் கார்டைப் பிடிக்கட்டும். பார் வாரியாக இப்படி:

1ஆம், 5ஆம் பார்: சி பிடியுங்கள். க திறந்த கம்பியிலேயே கிடைக்கிறது. ப-வுக்குச் சுண்டுவிரல் 1ஆம் கம்பி 3ஆம் ஃப்ரெட். ரி-க்கு அதே சுண்டுவிரல் 2ஆம் கம்பி 3ஆம் ஃப்ரெட்டுக்கு வரும், ஆள்காட்டி விரல் 1ஆம் ஃப்ரெட்டிலேயே இருக்கட்டும். ஒரு கம்பியில் இரண்டு விரல் இருந்தால் பெரிய எண் ஃப்ரெட்தான் ஒலிக்கும்.

2ஆம் பார்: ஏ மைனர். ச ஆள்காட்டி விரலில் இருக்கிறது, ரி சுண்டுவிரல், க திறந்த கம்பி.

3ஆம் பார்: டி மைனர், ஆள்காட்டி 1ஆம் கம்பி 1, நடுவிரல் 3ஆம் கம்பி 2, மோதிரவிரல் 2ஆம் கம்பி 3. ம கேட்கும். ஆள்காட்டியை எடுத்தால் க. ரி மோதிரவிரலுக்கடியில் ஏற்கெனவே இருக்கிறது. மோதிரவிரலை எடுத்து ஆள்காட்டியை 2ஆம் கம்பி 1ஆம் ஃப்ரெட்டில் வைத்தால் ச.

4ஆம் பார்: நடுவிரல் 6ஆம் கம்பி 3, ஆள்காட்டி 5ஆம் கம்பி 2, மோதிரவிரல் 2ஆம் கம்பி 3. 1ஆம் கம்பியைத் தொடாதீர்கள்.

6ஆம் பார்: சிறிய எஃப். மோதிரவிரல் 4ஆம் கம்பி 3, நடுவிரல் 3ஆம் கம்பி 2, ஆள்காட்டி 2ஆம் கம்பி 1. ரி-க்குச் சுண்டுவிரல். கடைசி த. நடுவிரலுக்கடியில் தயாராக இருக்கிறது, 3ஆம் கம்பியை மீட்டினால் போதும்.

7ஆம் பார்: மோதிரவிரல் அதே 3ஆம் ஃப்ரெட்டில் 4ஆம் கம்பியிலிருந்து 6ஆம் கம்பிக்குத் தாவும். ஜி-யின் முழுப் பிடி இங்கே வேண்டாம், ஆள்காட்டி ச-வுக்குத் தேவைப்படும். 2ஆம் கம்பி திறந்தால் நி., ஆள்காட்டி வைத்தால் ச, சுண்டுவிரல் வைத்தால் ரி. 5ஆம் கம்பியை மோதிரவிரலின் சதை தொட்டு அடக்கிவிடட்டும்.

8ஆம் பார்: சி, 2ஆம் கம்பியோடு நிறுத்தி.

1ஆம் பீட்டில் கார்டையும் மெட்டையும் சேர்த்து, மற்ற பீட்களில் மெட்டை மட்டும் வாசித்துப் பழகிய பிறகு, பீட்டுக்கும் பீட்டுக்கும் நடுவில் 3ஆம் கம்பியை ஆள்காட்டி விரலால் மெதுவாக மீட்டி இடைவெளியை நிரப்பலாம். 6ஆம் பாரின் கடைசிப் பீட்டில் மெட்டே 3ஆம் கம்பிக்கு வந்துவிடுவதால் அங்கே நிரப்ப வேண்டாம்.

பிக் (விரலுக்குப் பதில் கம்பியை மீட்டும் சிறு தகடு) வைத்து வாசிப்பவர்கள் மெட்டுச் சுவரம் இருக்கும் கம்பியில் ஸ்ட்ரோக்கை நிறுத்தப் பழக வேண்டும். தரையை நோக்கி அடிக்கும்போது கடைசியாகத் தொடும் கம்பி தானாகவே தனித்துக் கேட்கும். ச உச்சியில் இருக்கும் பிடிகளில் ஆள்காட்டி விரலைச் சற்றே சாய்த்து 1ஆம் கம்பியைத் தொட்டு அடக்கினால், கை தவறி அடித்தாலும் க கேட்காது.

எங்கே தவறுகிறது

மெட்டு அமுங்கிப் போவதுதான் அதிகம் நேர்வது. எல்லாக் கம்பியும் ஒரே பலத்தில் ஒலித்தால் மெட்டு கூட்டத்தில் தொலைந்துவிடும். கட்டைவிரலின் பலத்தைக் குறையுங்கள். மெட்டு விரலைக் கூட்டுவதைவிட இதுவே எளிது.

அடுத்தது, மெட்டு துண்டு துண்டாகக் கேட்பது. அடுத்த கார்டுக்குத் தயாராகும் அவசரத்தில் இடது கை அரை பீட் முன்னதாகவே எழுந்துவிடுகிறது. கார்டு அரை பீட் குறைந்தால் யாருக்கும் தெரியாது, மெட்டு குறைந்தால் உடனே தெரியும். மெட்டுச் சுவரத்தில் இருக்கும் விரல் கடைசியாக எழ வேண்டும். புதிய கார்டில் மெட்டு விரலும் அடிச்சுவர விரலும் முதலில் இறங்க வேண்டும், நடுக் கம்பிகள் கொஞ்சம் தாமதித்தாலும் பரவாயில்லை.

சரியான கார்டையே பிடித்தும் ஒலி குழம்பினால் அடியில் தேவையற்ற கம்பி ஒலிக்கிறதா என்று பாருங்கள். டி மைனரிலும் எஃப்-இலும் 6ஆம் கம்பி திறந்து ஒலித்தால் க வந்துவிடும். இரண்டு கார்டிலும் ம இருக்கிறது, மறுபடியும் அதே க-ம உரசல், இந்த முறை அடியிலிருந்து. சி-யில் 6ஆம் கம்பி ஒலித்தால் தப்பில்லை, க அந்தக் கார்டில் இருப்பதுதான், ஆனால் ச-வின் பிடிப்பு தளரும்.

ஏதோ ஒரு கம்பி மட்டும் மந்தமாக ஒலித்தால் கார்டைப் பிடித்தபடி ஒவ்வொரு கம்பியாக மீட்டிப் பாருங்கள். சி-யில் பெரும்பாலும் மாட்டுவது திறந்த 3ஆம் கம்பி, நடுவிரலின் அடிப்பகுதி அதைத் தொட்டிருக்கும். விரல் நுனி நேராக நிற்கட்டும், நகத்தை ஒட்ட வெட்டுங்கள். ஃப்ரெட் கம்பிக்கு மிக அருகே, அதற்குச் சற்றுப் பின்னால் அழுத்தினால் குறைந்த பலமே போதும்.

மோகனத்தில் ஒரு மெட்டு என்றால்

மெட்டு ஐந்து சுவரத்தில் அமைந்திருந்தால் கவனம் தேவை. மோகனத்தில் ச ரி க ப த மட்டுமே உண்டு, ம-வும் நி-யும் இல்லை. அந்த ஐந்தை மட்டும் வைத்துக் கட்டக்கூடிய முழுக் கார்டுகள் இரண்டுதான்: சி (ச க ப), ஏ மைனர் (த ச க). பழக்கத்தில் ஜி வைத்தால் நி உள்ளே நுழைகிறது, எஃப் வைத்தால் ம. மெல்லிசையில் இதைத் தெரிந்தே செய்வார்கள், கேட்கவும் நன்றாக இருக்கும். ராகத்தின் நிறம் மாறாமல் வேண்டும் என்றால் ஜி-யிலிருந்து நி-யை எடுத்துவிடுங்கள்: 3 – 0 0 3 –, ப-வும் ரி-யும் மட்டும். டி சஸ் ஃபோர் (– – 0 2 3 3) இன்னொரு நல்ல வழி, அதில் ரி, த, ப மட்டுமே இருக்கின்றன, மூன்றும் மோகனத்துக்குள். கமகம் நிறைந்த இடத்தில் கார்டை மாற்றாமல் அடிச்சுவரத்தை மட்டும் நீட்டுவது நல்லது. அசையும் சுவரத்துக்கு அடியில் கார்டும் அசைந்தால் இரண்டும் கெடும்.

குரலுக்கு ஏற்ப கேப்போ

மேலே சொன்ன பிடிகள் எல்லாம் ச-வை சி-யில் வைத்தவை, அதாவது 1 கட்டை சுருதி. பாடுபவருக்கு 2 கட்டை வேண்டும் என்றால் 2ஆம் ஃப்ரெட்டில் கேப்போ (ஆறு கம்பிகளையும் ஒருசேர அழுத்தும் கிளிப்) போட்டு இதே பிடிகளை வாசிக்கலாம், ச இப்போது டி-யில். 3 கட்டைக்கு 4ஆம் ஃப்ரெட், 4 கட்டைக்கு 5ஆம் ஃப்ரெட். க-ம இடைவெளி ஒரு ஃப்ரெட் என்பதால்தான் 3-க்கும் 4-க்கும் நடுவே ஒன்று மட்டும் கூடுகிறது. 5 கட்டைக்கு 7ஆம் ஃப்ரெட் வரை போனால் கிட்டார் மெலிந்து ஒலிக்கும். அதற்கு ஜி மேஜரின் பிடிகளைக் கற்றுக்கொள்வதே மேல்: ஜி, ஏ மைனர், பி மைனர், சி, டி, ஈ மைனர். அப்போது ச என்பது ஜி நோட், நி மட்டும் எஃப் ஷார்ப். சுவரப் பெயரால் கற்றவருக்கு ச-க-ப என்பது எந்தக் கட்டையிலும் ச-க-ப-தான், கம்பியில் இடம் மட்டுமே மாறும்.

கேப்போவை ஃப்ரெட்டின் நடுவில் போடாமல் ஃப்ரெட் கம்பியை ஒட்டிப் போடுங்கள். போட்ட பிறகு ட்யூனரை வைத்து ஒருமுறை ஆறு கம்பிகளையும் சரிபாருங்கள். அழுத்தத்தில் கம்பிகள் சற்று ஏறியிருக்கும். மெட்டு வரும் 1, 2ஆம் கம்பிகள் கொஞ்சம் விலகினாலும் காது உடனே கண்டுபிடித்துவிடும்.